முதல் பெரிய வேகப்படகு: எஞ்சினைப் பார்ப்பதற்கு முன் அடிப்பாகத்தைப் பாருங்கள்

பெரிய வேகப்படகு வாங்கப்போகிறேன் என்று ஒருவர் சொன்னதும் வந்து விழும் முதல் கேள்வி, "எத்தனை ஹார்ஸ்பவர்?" அடுத்தது, "எவ்வளவு ஸ்பீடு போகும்?" கேட்கக்கூடாத கேள்விகள் என்று சொல்லமாட்டேன். ஆனால் முதல் படகைத் தேடுகிறவர் இவற்றைக் கடைசியில் கேட்டால் போதும். சின்னப் படகைப் பெரிதாக்கி, கனமான எஞ்சினைப் பொருத்தினால் அதுதான் பெரிய வேகப்படகு என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. அப்படி நினைத்து வாங்கியவர்கள் முதல் முரட்டு அலையில் முதுகைப் பிடித்துக்கொண்டு, கொஞ்ச நாளிலேயே படகை விற்றுவிடுகிறார்கள். படகு மேல் தப்பில்லை, அது எப்படி வேலை செய்கிறது என்று அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

இங்கே நான் பேசுவது 28 முதல் 40 அடி வரை நீளமுள்ள, மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டக்கூடிய படகுகளைப் பற்றி. கடலிலோ பெரிய ஏரியிலோ ஓட்டுவதற்கானவை. விலையைப் பற்றியோ எந்த பிராண்டு உசத்தி என்றோ பேசப்போவதில்லை. படகைப் பார்க்கப் போகும்போது எதைக் கேட்கவேண்டும் என்று தெரிந்தால் போதும்.

மிதப்பதிலிருந்து தண்ணீர்மேல் ஓடுவதற்கு

மெதுவாகப் போகும்போது எல்லாப் படகும் ஒன்றுதான். தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்கிக்கொண்டு மிதக்கிறது. வேகம் கூடினால் முன்னால் ஓர் அலை எழும், பின்னால் ஓர் அலை எழும், படகு இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். இந்த வரம்புக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: தண்ணீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் வேகம் நாட் கணக்கில் வரும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். 36 அடி நீளத்துக்கு 8 நாட், அதாவது மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர்தான்! இதைத் தாண்ட வேண்டுமானால் படகு மிதப்பதை விட்டுவிட்டு வேறு விதமாக ஓடவேண்டும்.

குளத்தில் ஓட்டாஞ்சில்லை வீசி விளையாடியிருப்பீர்கள். மண் ஓடு தண்ணீரில் மிதக்காது. ஆனாலும் தட்டையாக, வேகமாக வீசினால் நீர்மேல் தவ்வித் தவ்விப் போகிறது. வேகம் குறைந்த இடத்தில் மூழ்குகிறது. செங்குத்தாக எறிந்தால் முதல் தொடுதலிலேயே உள்ளே போய்விடும். அதைத் தூக்கிப் பிடிப்பது இரண்டு விஷயங்கள்: வேகம், தண்ணீரைத் தொடும் சாய்வு.

படகும் இதைத்தான் செய்கிறது. சில்லு விட்டுவிட்டுத் தொடுகிறது, படகு விடாமல் தொட்டுக்கொண்டே போகிறது, அவ்வளவுதான் வேறுபாடு. லேசாகச் சாய்ந்த அடிப்பாகம் தண்ணீரைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளலின் எதிர்விசை படகை மேலே தூக்குகிறது. இந்த நிலைக்குப் பெயர் பிளேனிங். ஓட்டுகிறவருக்கு இது நன்றாகவே தெரியும். வேகத்தைக் கூட்டும் கைப்பிடியான த்ராட்டிலை முன்னே தள்ளியதும் முன்மூக்கு எழும்பி எதிரே இருப்பதை மறைக்கும், பின்பக்கம் குழிக்குள் இறங்கும், எஞ்சின் முக்கும். சில நொடிகள் கழித்து மூக்கு தாழ்ந்து தொடுவானம் திரும்பத் தெரியும், அதே த்ராட்டிலில் வேகம் தானாகக் கூடும். மூக்கு உயர்ந்து முன்னால் ஒன்றும் தெரியாத அந்த இடைவெளி நீளமாக இருந்தால் படகில் எடை கூடியிருக்கிறது, அல்லது ப்ரொப்பல்லர் பொருந்தவில்லை.

அடிப்பாகம் எவ்வளவு கூர்மை

தட்டையான அடிப்பாகம் நன்றாகத் தூக்கும், குறைந்த சக்தியிலேயே பிளேனிங்குக்கு வந்துவிடும். ஆனால் அலைமேல் விழும்போது முழுப் பரப்பும் ஒரே நேரத்தில் தண்ணீரில் அறையும். அந்த அடி நேராக முதுகுத்தண்டுக்கு வரும். இங்கிலீஷ் எழுத்து 'வி' போலக் கூர்ந்த அடிப்பாகமோ அலையைப் பிளந்துகொண்டு படிப்படியாக இறங்கும். இறங்கும் நேரம் நீள்வதால் அடி மென்மையாகிறது. கிடைமட்டத்திலிருந்து அடிப்பாகம் எத்தனை டிகிரி ஏறுகிறது என்பதற்கு டெட்ரைஸ் என்று பெயர். படகு வாங்கும்போது டிரான்சம், அதாவது பின்சுவர், இருக்கும் இடத்தில் உள்ள டெட்ரைஸைத்தான் கேட்கவேண்டும். காரணம் எளிது: முன்பக்கம் எல்லாப் படகிலும் கூர்மையாகத்தான் இருக்கும், வேகமாக ஓடும்போது தண்ணீரில் இருப்பது பின்பக்கம்தான்.

இந்தக் கூர்மை பின்சுவர் வரை குறையாமல் போகவேண்டும் என்பதைக் காட்டியது ஒரு பந்தயம். 1960-இல் அமெரிக்காவின் மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளின் நசாவ் வரை நடந்த போட்டியில் கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. ரே ஹன்ட் வடிவமைத்த, ரிச்சர்ட் பெர்ட்ராமுக்குச் சொந்தமான 'மோப்பி' என்ற படகு அதில் வென்றது. அதன் வடிவம் 'டீப் வி' என்று பெயர் பெற்றது. அதற்கப்புறம் மயாமியில் டான் அரோனோ தொடங்கிய ஃபார்முலா, டான்ஸி, மேக்னம், சிகரெட் ஆகிய நிறுவனங்கள் அதே வடிவத்தை நீட்டி, ஒடுக்கி, இன்றும் நாம் பார்க்கும் நீண்ட மூக்குப் படகுகளாக்கின. பின்சுவரில் 24 டிகிரியை ஒட்டிய டெட்ரைஸ் இந்த வகையின் வழக்கமான அளவு.

கூர்மைக்கு விலையும் உண்டு. அதே வேகத்துக்கு அதிக சக்தி வேண்டும், நிற்கும்போது பக்கவாட்டில் அதிகம் ஆடும். அமைதியான ஏரியில் மட்டும் ஓட்டப்போகிறீர்கள் என்றால் 18 முதல் 20 டிகிரி உள்ள படகு வசதியாக இருக்கும். திறந்த கடல் என்றால் 22-க்குக் குறையாமல் பாருங்கள் என்பேன். நீளமும் இதில் சேரும்: நீண்ட படகு ஓர் அலையின் உச்சியிலிருந்து அடுத்ததன் உச்சியை எட்டிப் பிடிக்கும். குட்டைப் படகு நடுவில் உள்ள பள்ளத்தில் இறங்கி ஏறும்.

இதுவரை: வேகப்படகைத் தூக்குவது வேகமும் சாய்வும். அலையில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பெரும்பாலும் பின்சுவர் டெட்ரைஸும் நீளமும் தீர்மானிக்கின்றன. எஞ்சின் இன்னும் பேச்சுக்கே வரவில்லை.

அடியில் வெட்டிய படிகள்

புதிய படகுகள் பலவற்றின் அடிப்பாகத்தில் குறுக்கே ஒன்றோ இரண்டோ படிகள் இருக்கும். இவற்றை ஸ்டெப் என்பார்கள். படகு ஓடும்போது பக்கவாட்டிலிருந்து காற்று உறிஞ்சப்பட்டு, படிக்குப் பின்னால் பரவுகிறது. தண்ணீரில் உரசும் பரப்பு குறைவதால் அதே எஞ்சினில் கூடுதல் வேகமும் எரிபொருள் மிச்சமும் கிடைக்கின்றன.

விற்பவர் இதுவரைதான் சொல்வார். மீதியையும் தெரிந்துகொள்ளுங்கள். படிக்குப் பின்னால் காற்று கலந்த தண்ணீரில் இருக்கும் பகுதிக்குப் பக்கவாட்டுப் பிடிமானம் குறைவு. வேகமாகத் திருப்பும்போது திடீரென்று த்ராட்டிலைக் குறைத்தாலோ மூக்கைத் தாழ்த்தினாலோ முன்பகுதி தண்ணீரைக் கவ்விக்கொள்ளும், பின்பகுதி வெளிப்பக்கமாக வீசியடிக்கும். ஆட்களைத் தூக்கி எறிய அது போதும். ஆகவே திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, திருப்பம் முழுவதும் ஒரே சீராக ஓட்டவேண்டும். நல்ல வடிவமைப்பாளர் செய்த படகுகளில் இந்தக் குணம் வெகுவாக அடக்கப்பட்டிருக்கும். இருந்தாலும் முதல் படகுக்குப் படி இல்லாத அடிப்பாகத்தையே நான் பரிந்துரைப்பேன். சில மைல் வேகத்தை இழப்பீர்கள், தவறு செய்து கற்றுக்கொள்ளக் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

இரண்டு உடல்களுக்கு நடுவே சுரங்கம் உள்ள கேட்டமரான் வகையும் உண்டு. சுரங்கத்தில் அடைபடும் காற்று எடையின் ஒரு பகுதியைத் தாங்குவதால் அசாத்திய வேகம் போகும். ஒரு வரம்பைத் தாண்டினால் அதே காற்று மூக்கைத் தூக்கிப் படகைப் பின்புறமாகக் கவிழ்த்துவிடும். முதல் படகாக வேண்டாம்.

ஹார்ஸ்பவர் கணக்கு

சரி, இப்போது எஞ்சின். பிளேனிங் படகின் வேகத்தைத் தோராயமாகச் சொல்ல ஜார்ஜ் க்ரவுச் என்ற படகு வடிவமைப்பாளரின் பெயரில் ஒரு சூத்திரம் இருக்கிறது. அதன் சாரம்: சக்தியை எடையால் வகுத்தால் வரும் எண்ணின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது வேகம். அதாவது வேகத்தை இரண்டு மடங்காக்க வேண்டுமானால் சக்தியை நான்கு மடங்காக்க வேண்டும்.

ஓர் உதாரணம். 4 டன் படகு, 1,000 ஹார்ஸ்பவர், மணிக்கு 70 மைல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சினை 2,000 ஹார்ஸ்பவர் ஆக்கினால் 140 வராது, எடை கூடாமல் இருந்தால்கூட 99-தான் வரும். பெரிய எஞ்சின், அதைத் தாங்கும் டிரைவ் (எஞ்சினின் சுழற்சியை ப்ரொப்பல்லருக்குக் கொண்டுபோகும் பகுதி), கூடுதல் எரிபொருள் எல்லாம் சேர்ந்து எடையும் ஏறும், ஆகவே 99-ம் வராது.

எடையின் பக்கமும் பாருங்கள். அந்த 70 மைல், டேங்க் ஏறக்குறைய காலியாக, ஓட்டுநர் மட்டும் இருந்தபோது எடுத்தது என்றால்? 800 லிட்டர் பெட்ரோல் சுமார் 600 கிலோ. கூட நான்கு பேர், சாமான்கள் என்று 300 கிலோ. 4 டன் 4.9 டன் ஆகிறது, 70 மைல் 63 ஆகிறது. விளம்பரத்தில் உள்ள வேகத்தைப் பார்த்ததும், எத்தனை பேர், எவ்வளவு எரிபொருள், தண்ணீர் எப்படி இருந்தது என்று கேளுங்கள்.

பெட்ரோல் எஞ்சின் முழு சக்தியில் ஓடும்போது ஒரு ஹார்ஸ்பவருக்கு மணிக்குச் சுமார் 0.3 லிட்டர் குடிக்கும். 1,000 ஹார்ஸ்பவருக்கு மணிக்கு 300 லிட்டர். யாரும் முழு சக்தியிலேயே ஓட்டிக்கொண்டிருக்கமாட்டார்கள் என்றாலும், போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பாக ஒரு பங்கு என்ற பழைய விதி ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பது இந்த எண்ணிலிருந்து புரியும்.

ப்ரொப்பல்லர்

எஞ்சினின் சக்தி வேகமாக மாறுவது ப்ரொப்பல்லரில்தான். ஒரு சுற்றுக்கு அது கணக்குப்படி முன்னேற வேண்டிய தூரத்துக்கு பிட்ச் என்று பெயர், அங்குலத்தில் சொல்வார்கள். தண்ணீர் கெட்டியான பொருள் இல்லை என்பதால் உண்மையில் கொஞ்சம் குறைவாகத்தான் முன்னேறும், அந்தக் குறை ஸ்லிப். எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்று, கியர் விகிதம் 1.5 (எஞ்சின் ஒன்றரைச் சுற்று சுற்றினால் ப்ரொப்பல்லர் ஒரு சுற்று), பிட்ச் 28 அங்குலம் என்றால் கணக்கு வேகம் மணிக்கு 88 மைல். ஸ்லிப் 12 சதவீதம் போனால் சுமார் 78.

பிட்ச் அதிகமானால் எஞ்சின் தன் முழுச் சுற்றை எட்டாமல் திணறும். குறைந்தால் அளவுக்கு மீறிச் சுற்றும். முழு த்ராட்டிலில் தயாரிப்பாளர் சொன்ன சுற்று வரம்புக்குள் எஞ்சின் வந்து நிற்கிறதா என்று பார்ப்பதே எளிய சோதனை. பிட்ச்சை ஓர் அங்குலம் மாற்றினால் 150 முதல் 200 சுற்று வரை மாறும்.

கையில் இருக்கும் பொத்தான்கள்

சின்னப் படகிலிருந்து வருகிறவர்கள் தடுமாறும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ப்ரொப்பல்லரை உள்பக்கமாகவோ வெளிப்பக்கமாகவோ சாய்ப்பது டிரிம். உள்ளே இழுத்தால் மூக்கு தாழும், வெளியே தள்ளினால் மூக்கு எழும். பின்சுவரின் அடியில் இரு பக்கமும் உள்ள சின்னத் தகடுகள் டிரிம் டேப். அவற்றை இறக்கினால் பின்பக்கம் உயர்ந்து மூக்கு தாழும், ஒன்றை மட்டும் இறக்கினால் பக்கவாட்டுச் சாய்வு சரியாகும். கிளம்பும்போது டிரிம் உள்ளே. பிளேனிங்குக்கு வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே. உரசும் பரப்பு குறைந்து, படகு லேசாகி, ஸ்டியரிங்கும் தளர்வதைக் கை உணரும்.

அளவு மிஞ்சினால் இரண்டு அறிகுறிகள் வரும். முதலாவது, மூக்கு ஒரே தாளத்தில் எழுந்து எழுந்து விழும். இது போர்ப்பாய்ஸிங். டிரிமைச் சற்று உள்ளே இழுத்தால் நின்றுவிடும். இரண்டாவது கவனிக்கவேண்டியது: படகு இடமும் வலமுமாக மாறி மாறிச் சாய ஆரம்பிக்கும். அதிக வேகத்தில் டீப் வி படகு பின்பக்கத்தின் மிகச் சிறிய கூர்முனை மேல் நின்று ஓடுகிறது, அந்த முனையில் சமநிலை தவறுவதே சைன் வாக். ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். பதறி ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பி எதிர்த்தால் மோசமாகும். த்ராட்டிலை மெல்லக் குறைத்து, டிரிமைக் கொஞ்சம் உள்ளே எடுக்கவேண்டும். ஸ்டியரிங்கில் தளர்ச்சி இருந்தால் இது சீக்கிரமே வரும், ஆகவே பழைய படகில் ஸ்டியரிங்கைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

அப்புறம் அலை. படகு அலையிலிருந்து காற்றில் எழும்பும்போது ப்ரொப்பல்லருக்குச் சுமை இல்லாமல் எஞ்சின் சுற்று சட்டென்று எகிறும். அதே வேகத்தில் சுற்றிக்கொண்டு மறுபடி தண்ணீரில் இறங்கினால் அந்த அதிர்ச்சி முழுவதையும் டிரைவின் கியர்கள் வாங்கும். பல்லுடைந்த கியர்களில் நிறைய இப்படி உடைந்தவைதான். எழும்பும்போது த்ராட்டிலைக் குறைத்து, இறங்கியதும் திரும்பக் கொடுக்கவேண்டும். கடல் பந்தயப் படகுகளில் ஸ்டியரிங்குக்கு ஒருவர், த்ராட்டிலுக்கென்றே இன்னொருவர் உட்காருவது இதனால்தான். நீங்கள் இரண்டையும் ஒரே ஆளாகச் செய்யப்போகிறீர்கள், எனவே படகு காற்றில் எழும்பாத வேகத்தில் ஓட்டுவதே ஆரம்பத்துக்குச் சரி.

சுருக்கமாக: மூக்கு எழுந்து விழுந்தாலும் படகு பக்கவாட்டில் ஆடினாலும் முதல் மருந்து டிரிமை உள்ளே எடுப்பது. பக்கவாட்டு ஆட்டத்துக்கு த்ராட்டிலையும் மெல்லக் குறைக்கவேண்டும். எதையும் வெடுக்கென்று செய்யக்கூடாது.

எந்த டிரைவ், எத்தனை எஞ்சின்

எஞ்சின் படகுக்குள்ளும், ப்ரொப்பல்லரைச் சுழற்றும் கியர்க்கால் வெளியேயும் இருப்பது ஸ்டெர்ன்டிரைவ். 1959-இல் வோல்வோ பென்டா அறிமுகப்படுத்திய அக்வாமேட்டிக் இதைப் பரவலாக்கியது. முழு எஞ்சினும் பின்சுவருக்கு வெளியே தொங்குவது அவுட்போர்டு. முன்பெல்லாம் பெரிய சக்தி வேண்டுமென்றால் ஸ்டெர்ன்டிரைவ்தான். இப்போது அவுட்போர்டுகளும் அந்த அளவுக்கு வந்துவிட்டன. உப்புத்தண்ணீரில் ஓட்டுகிறவருக்கு அவுட்போர்டு பராமரிக்க எளிது: முழுவதையும் தண்ணீருக்கு மேலே தூக்கி வைக்கலாம், பழுதுபார்க்கக் கை எட்டும்.

இரட்டை எஞ்சினின் பெரிய லாபம் ஒன்று நின்றாலும் கரை சேரலாம் என்பது. ப்ரொப்பல்லர்கள் எதிரெதிராகச் சுற்றுவதால் படகு ஒரு பக்கம் இழுக்காது. நெருக்கடியான படகுத்துறையில் ஒன்றை முன்னுக்கும் ஒன்றைப் பின்னுக்கும் கொடுத்து, நின்ற இடத்திலேயே திருப்பலாம். இந்த நீளத்துக்கு நான் இரட்டையைத்தான் தேர்ந்தெடுப்பேன். பராமரிப்பும் இரட்டிப்பு என்பதை மறக்காமல்.

பழைய படகைப் பார்க்கப் போகும்போது

ஸ்டெர்ன்டிரைவ் என்றால் முதலில் பின்னால் போய்க் குனியுங்கள். கியர்க்காலை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, மேலே தூக்கச் சொல்லுங்கள். பின்சுவருக்கும் அதற்கும் நடுவே மடிப்பு மடிப்பாகக் கறுப்பு ரப்பர் உறை தெரியும், அதுதான் பெல்லோஸ். டார்ச் அடித்து, ஒவ்வொரு மடிப்பையும் கட்டைவிரலால் விரித்துப் பாருங்கள். மடிப்பின் உள்ளே முடிபோன்ற வெடிப்பு ஓடினால் மாற்றும் காலம் வந்துவிட்டது. அது கிழிந்தால் தண்ணீர் முதலில் பேரிங்கைக் கெடுக்கும், அப்புறம் படகுக்குள்ளேயே வரும். டிரைவ் ஆயிலில் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். பால் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, மினுமினுப்பு இருந்தால் கியர் தேய்கிறது.

பிளாஸ்டிக் சுத்தியலால் பின்சுவரைத் தட்டிக்கொண்டே போங்கள். 'டக் டக்' என்று இறுகிய ஒலி வரவேண்டும். ஓர் இடத்தில் 'பொத்'தென்று மாறினால் உள்ளே மரமோ நுரையோ ஊறியிருக்கலாம், அடுக்குகள் பிரிந்திருக்கலாம்.

எஞ்சின் மணிநேரம் குறைவு என்பதில் மட்டும் மயங்கவேண்டாம். காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் சூப்பர்சார்ஜர் வைத்து அதிக சக்தி பிழிந்தெடுக்கும் எஞ்சின்களைச் சில நூறு மணிநேரத்திலேயே பிரித்துப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். நவீன எஞ்சினின் கணினி, எந்தச் சுற்றில் எத்தனை மணிநேரம் ஓடியது என்பதைப் பதிந்து வைத்திருக்கும், அந்தப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். சிலிண்டரில் காற்றழுத்தம் கொடுத்து எவ்வளவு கசிகிறது என்று அளக்கும் லீக்டவுன் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். விற்பவரோடு சம்பந்தமில்லாத, படகுகளைப் பரிசோதிக்கும் சர்வேயர் ஒருவரை நீங்களே அமர்த்துவது அவசியம்.

வேகம் கேட்கும் ஏற்பாடுகள்

மணிக்கு 70 மைல் என்பது நொடிக்கு 31 மீட்டர். 100 மீட்டர் தள்ளி மிதக்கும் மரக்கட்டை கண்ணில் பட்டால் உங்களுக்கு இருப்பது மூன்று நொடி. படகுக்கு பிரேக் கிடையாது. இன்னொன்று, அவுட்போர்டிலும் ஸ்டெர்ன்டிரைவிலும் படகைத் திருப்புவது பெரும்பாலும் ப்ரொப்பல்லரின் தள்ளல்தான். த்ராட்டிலை முழுக்க விட்டுவிட்டால் திருப்பும் திறனும் கூடவே போய்விடும்.

கில் ஸ்விட்ச் என்பது ஓட்டுநர் இடத்தைவிட்டு விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறு. அது எப்போதும் உடம்பில் மாட்டியிருக்க வேண்டும். எஞ்சின் அறை உள்ள பெட்ரோல் படகில், கிளப்பும் முன் நான்கு நிமிடம் ப்ளோயரை, அதாவது அந்த அறையின் காற்றை வெளியேற்றும் விசிறியை, ஓட்டவேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம் என்பதால் படகின் அடித்தளத்தில் தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும்.

ஓட்டிப் பார்க்கும் நாள்

காற்றே இல்லாத காலை நேரத்தில் ஓட்டிக் காட்டுவதை விற்பவர்கள் விரும்புவார்கள். நீங்கள் கொஞ்சம் காற்று உள்ள நாளைக் கேளுங்கள். வழக்கமாக எத்தனை பேரோடு போவீர்களோ அத்தனை பேரையும் ஏற்றிக்கொள்ளுங்கள், டேங்க்கை முக்கால்வாசி நிரப்பச் சொல்லுங்கள். உச்ச வேகத்தை ஒரு தடவை பார்த்தால் போதும், மீதி நேரத்தை மணிக்கு 35 முதல் 50 மைல் வரையிலான வேகத்தில் செலவிடுங்கள். பெரும்பாலும் நீங்கள் ஓட்டப்போவது அந்த வேகத்தில்தான். அலைக்கு நேராக, குறுக்காக, அலை பின்னாலிருந்து தள்ளும்படியாக என மூன்று விதமாகவும் ஓட்டிப் பாருங்கள். நின்றுகொண்டு, முழங்காலைத் தளர்த்தி ஓட்டும்படி இருக்கை மடங்குகிறதா, அப்படி நிற்கும்போது டிரிம் பொத்தான் கையை எடுக்காமலே விரலுக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு வேகத்தை மெல்லக் குறைத்து, படகு எந்த வேகத்தில் பிளேனிங்கை விட்டு இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அலை அதிகமான நாளில் மெதுவாகத் திரும்பவேண்டி வரும்போது, அந்த எண் குறைவாக உள்ள படகே உங்களைச் சிரமமில்லாமல் கரைக்குக் கொண்டுவரும்.